ஓரிரு இடங்களில்

இலந்தைக்குளத்தில் இரவு பதினொன்றரை.
செனகல் கரையைத் தாண்டிய மூன்றாம் நாள்
ஒரு மேகக் கூட்டம்
சுருட்டத் தெரியாதவன் சுருட்டிய பாய் மாதிரி
என் இரண்டாவது திரையில் கிடக்கிறது.

நாற்பது சதவீதம் என்கிறார்கள். ஆரஞ்சு.
நேற்று இருபது, மஞ்சள்.
மணிக்கு அறுபத்துமூன்று கிலோமீட்டரில் சுழன்று வீசினால்
பெயர் வைப்பார்கள்.
அதுவரைக்கும் எண்தான். இது தொண்ணூற்றைந்து.
தொண்ணூற்றொன்பது முடிந்தால் மறுபடி தொண்ணூறு,
பெரியாஸ்பத்திரி டோக்கன் மாதிரி.

புயலுக்கும் எனக்கும் ஒரு பகையும் இல்லை.
அதன் வழியில் கிடக்கும் கூரைகளை எண்ணுகிறேன்.
எது தகரம், எது காங்கிரீட்,
எது போன முறை பறந்துபோய்
மறுபடி ஆணியடித்து நிற்பது,
எதற்கு எத்தனை யூரோ.
லண்டனில் யாரோ காலைக் காபிக்கு முன்னால் படிக்க
ஐந்தரைக்குப் பிறகு ஒரு பக்கம் போகவேண்டும்.

கேட்டில் ஒச்சப்பன்.
உசிலம்பட்டிக்கு அங்கிட்டு
ஒன்றரை ஏக்கர் மானாவாரிச் சோளம் விதைத்துவிட்டு
இங்கிட்டு வந்து செக்யூரிட்டி வேலை பார்க்கிறான்.
டீயை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தான்.
"எக்கா, இது நம்ம பக்கம் வருமா?"
வராது. வேற கடல்.
"வராததுக்கா விடிய விடிய முழிச்சிருக்கீக?"

அப்புறம் தன் போனை நீட்டினான்.
மதுரை, தேனி, விருதுநகர் மாவட்டங்களில்
ஓரிரு இடங்களில்
லேசானது முதல் மிதமான மழை.
"இந்த ஓரிரு இடம் எங்கருக்குன்னு
உங்க மிசின்ல பாத்துச் சொல்லுங்க.
பதினேழு நாளாத் தேடுறேன்."

ஐந்தாம் நாள் எழுபது. சிவப்பு.
பாய் சுருளத் தொடங்கியிருந்தது.
கணினி வரைந்த ஐம்பது கோடுகள்
பூனை இழுத்த நூற்கண்டாய் மேற்கே போய்
பாதிக்கு மேல் குவாதலூப் தீவில் விழுந்தன.
பட்டியலைத் திறந்தேன். கப்பேஸ்தேர் என்று ஓர் ஊர்.
பிரெஞ்சு எழுத்தில் பெயர்கள்.
வாய்விட்டுப் படித்தால்தான் எனக்குப் பிடிபடும்.
மூத்தூசமி.
வீராப்பேன்.
இன்னொரு தரம் படித்தேன், மெதுவாக.
முத்துசாமி. வீரப்பன்.

கரும்பு வெட்டக் கப்பலேறியவர்களின் ஐந்தாம் தலைமுறை.
மரச்சுவர், தகரக் கூரை.
குறிப்பு நிரலில் ஒரே ஒரு வரி:
தோட்டத்தில் சிறு கோயில், காப்பீட்டில் சேராது.
என்ன சாமி என்று போடவில்லை.
அங்கே மாலியேமன் என்பார்களாம்
மாரியம்மனை.
மாரி என்றால் மழை என்று
அந்தத் தோட்டத்தில் யாருக்காவது தெரியுமோ என்னவோ.
இங்கே தெரிந்துதான் என்ன.

அந்த இரவு ஒரு கடலைப் பார்த்து வராதே என்றும்
ஒரு வானத்தைப் பார்த்து வா என்றும்
ஒரே வாயால் சொல்லக் கூசி
'கண்காணிப்பில்' என்று அடித்து வைத்தேன்.

மறுநாள் சகாராப் புழுதி உள்ளே புகுந்தது.
மேல்காற்று ஒரு பக்கம் இழுக்க
கீழ்க்காற்று ஒரு பக்கம் இழுக்க
முப்பது. பத்து.
அதற்கடுத்த ஐந்தரை மணி அறிக்கையில்
அது இல்லவே இல்லை.
பெயர் வைக்காமலே போய்விட்டது.
மூத்தூசமி வீட்டில் ஒரு தூறல் விழுந்திருக்கும்,
கொடியில் கிடந்த துணியை எடுத்திருப்பார்கள்.
இழப்பு: இல்லை.
அனுப்பிவிட்டு எழுந்தேன்.

கேட்டில் வேறு ஆள்.
வண்டியூர்க் கண்மாயைத் தாண்டும்போது போன் அடித்தது.
"எக்கா, பேஞ்சிருச்சு!"
ஸ்கூட்டியை ஓரங்கட்டினேன். உன் காட்டுலயா?
"பக்கத்துக் காட்டுல. வரப்பு வரைக்கும்.
ஓரிரு இடம் எங்கருக்குன்னு கண்டுபிடிச்சிட்டேன்."
சிரிக்கிறானா என்று தெரியவில்லை.
எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டேன்,
பழக்கதோசம்.
"மில்லியெல்லாம் தெரியாதுக்கா.
அங்கிட்டு நின்னா செருப்பு ஒட்டுது.
இங்கிட்டு நின்னா
ஒட்டல."